அந்த வீட்டில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளாத தங்கும் விடுதிகளைக் கண்டித்துச் சென்ற இதழின் வாசகர் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்துகிற வழக்கம் நம் மலையூர்களுக்கு வந்துவிடக் கூடாது என்று அவர் கவலைப்பட்டிருந்தார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். நடுநிலைப் பள்ளியில் 32 ஆண்டுகள் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். பிள்ளைகளின் சத்தம் இல்லாத ஒரு நாளை ஓய்வு பெறும்வரை நான் அறிந்ததில்லை. ஆனால் அப்படிப்பட்ட ஒரு வீட்டில் நானும் என் கணவரும் மூன்று இரவுகள் தங்கிவிட்டு வந்திருக்கிறோம். அதைச் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு மூலையில், குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இருக்கிறது அந்த இடம். என் அக்காள் மகள் பிரிஸ்பேனில் வேலை பார்க்கிறாள். பத்து வயது வரை எங்கள் வீட்டில் வளர்ந்தவள். எங்கள் 35-ஆவது திருமண நாளுக்கு எங்களை அழைத்துப் போய், கெய்ன்ஸ் நகரத்திற்கு வடக்கே டெயின்ட்ரீ மழைக்காட்டில் ஒரு சிறு விடுதியில் அறை எடுத்திருந்தாள். படுக்கையும் காலைச் சாப்பாடும் மட்டும் தருகிற வீடு. மொத்தம் மூன்றே அறைகள். “சித்தி, அங்கே பெரியவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. நீங்களும் சித்தப்பாவும் போய் இருந்துவிட்டு வாருங்கள். நாங்கள் பிள்ளைகளோடு போர்ட் டக்ளஸில் இருக்கிறோம்” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவளுடைய பிள்ளைகளுக்கு ஏழு வயதும் நான்கு வயதும். அவர்களோடு இருப்பதற்காகத்தானே கடல் கடந்து வந்தோம்? அதோடு, ‘வயது வந்தோருக்கு மட்டும்’ என்ற சொற்களை நம் ஊரில் எங்கே பார்த்திருக்கிறோம்? சினிமாச் சுவரொட்டியில்தான். அறுபது வயதில் இப்படி ஓர் இடத்திற்குப் போவதா என்ற கூச்சமும் இருந்தது. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த வாசகரின் மனத்திலும் இந்தச் சொற்கள்தான் உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன்.

டெயின்ட்ரீ ஆற்றுக்குப் பாலம் இல்லை. கார்களை ஏற்றிக்கொண்டு, கம்பி வடத்தைப் பிடித்தபடி அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வரும் படகுதான். ஆற்றின் வடகரைக்கு மின்வாரியக் கம்பி போகவில்லை. வீட்டுக்கு வீடு சூரியத் தகடும் ஜெனரேட்டரும்தான். கரையோரம் முதலை எச்சரிக்கைப் பலகைகள். காடு கடல்வரை இறங்கி வருகிறது. அதற்கு அப்பால் பவளத்திட்டு. உலகின் மிகப் பழைய மழைக்காடுகளில் ஒன்று இது. 1988-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். இந்த மண்ணின் மூத்த குடிகளான கிழக்கு குக்கு யலாஞ்சி மக்களிடம் டெயின்ட்ரீ தேசியப் பூங்காவின் உரிமையை 2021-ல் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு எத்தனையோ தலைமுறையாகத் தாய்நிலமாக இருந்த இந்தக் கரையில் ஒரு முனைக்கு ‘இடர் முனை’ என்று பொருள்படும் பெயரை 1770-ல் கேப்டன் குக் வைத்துவிட்டுப் போனார், தன் கப்பல் பவளப்பாறையில் மோதிய வருத்தத்தில்.

வீட்டுக்காரம்மாவுக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூடுதலாக இருக்கும். மரத்தாலான வீடு. சுவர் என்று பார்த்தால் பாதி கொசுவலைக் கம்பிதான். அடுத்த அறையில் ஒருவர் புரண்டு படுத்தால் கட்டில் முனகுவது இங்கே கேட்கும். வராந்தாவுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. கீழே நேரே ஓடை. குழந்தைகளை ஏன் சேர்ப்பதில்லை என்று முதல் நாளே கேட்டுவிட்டேன், ஆசிரியைப் புத்தி. அந்த அம்மாள் கோபப்படவில்லை. ஓடையைக் காட்டினார், வராந்தாவின் விளிம்பைக் காட்டினார். “கிறிஸ்துமஸுக்கு என் பேரப்பிள்ளைகள் வருவார்கள். அந்த இரண்டு வாரமும் விருந்தினர் யாருக்கும் அறை தருவதில்லை. அவர்கள் பின்னால் ஓடுவதற்கே எனக்கு நேரம் சரியாக இருக்கும்” என்றார். எனக்கு அப்போதே பாதி மனம் தெளிந்துவிட்டது.

மீதி பாதி தெளிந்தது காலைச் சாப்பாட்டு மேசையில். ஒரே மேசை, எல்லோருக்கும் சேர்த்து. அவர்கள் தோட்டத்துப் பழங்களைத் தட்டில் அடுக்கியிருந்தார்கள். பப்பாளி, முள் சீத்தா, நட்சத்திரப் பழம், அப்புறம் கறுப்பு சப்போட்டா என்று ஒன்று. வெளியே பச்சைத் தோல், உள்ளே கரிய களி. எலுமிச்சை பிழிந்து கரண்டியால் எடுத்துச் சாப்பிடச் சொன்னார்கள். என் கணவர் சந்தேகத்தோடு ஒரு வாய் வைத்தார், பிறகு என் பங்கையும் எடுத்துக்கொண்டார். எதிரே மெல்போர்னிலிருந்து வந்த ஒரு தம்பதி, பக்கத்தில் தனியாக வந்திருந்த ஒரு செவிலியர். இரவு மழை எழுப்பியதா, கூரையில் ஓடியது எலியா வேறு விலங்கா, எங்கள் ஊரில் என்ன பயிர் செய்கிறோம் என்றெல்லாம் கேட்டார்கள். காவிரிப் பாசனத்தைப் பற்றி என் கணவர் அரை மணி நேரம் பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்து வெகுநாளாயிற்று.

அன்று மாலைதான் எனக்குப் பட்டது. இரண்டு நாளாக யாருமே எங்களைப் பார்த்து, “எத்தனை பிள்ளைகள்?” என்று கேட்கவில்லை.

ஆசிரியர் அவர்களே, எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. நம் ஊரில் இதை எத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கிறது என்பது இல்லாதவர்களுக்குத்தான் தெரியும். ரயிலில் எதிர் இருக்கைக்காரர் கேட்பார், வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் கேட்பார்கள், விடுதியில் பதிவேட்டை நீட்டுகிறவர் கேட்பார். பதில் சொன்னதும் ஒரு நொடி அமைதி. அதன் பிறகு ஒரு கோயில் பெயர், அல்லது ஒரு மருத்துவரின் பெயர். இருபத்தெட்டு வயதில், சொந்தத்தில் ஒரு வளைகாப்புக்கு ஆசையாக வளையல் வாங்கிக்கொண்டு போனேன். என் முறை வந்தபோது ஒரு பெரியவர் என் கையிலிருந்த வளையல்களை மெல்ல வாங்கி, பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தார். சிவப்புக் கண்ணாடி வளையல், பொன் புள்ளி போட்டது. இன்றும் கடையில் அந்த நிறத்தைப் பார்த்தால் கண்ணைத் திருப்பிக்கொள்கிறேன்.

இதனால் எனக்குக் குழந்தைகள்மேல் வெறுப்பு என்று யாரும் எண்ண வேண்டாம். என்னிடம் படித்தவர்கள் இன்றும் வீடு தேடி வருகிறார்கள். ஆனால் விடுமுறைக் காலத்தில் நம் ஊர் மலைவாசத் தலங்களுக்குப் போகும்போது, குடும்பம் குடும்பமாக வந்திருப்பவர்களின் நடுவில் நாங்கள் இருவர் மட்டும் ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று சொல்லத்தான் வேண்டும். அந்த மழைக்காட்டு வீட்டில் எல்லோருமே இரண்டு பேராகவோ தனியாகவோ வந்தவர்கள். பிள்ளை பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று பார்த்துச் சொல்ல முடியாது. சொல்லவேண்டிய தேவையும் எழவில்லை.

மூன்றாம் நாள் காலை ஏழு மணி இருக்கும். வீட்டுக்காரம்மா விரலை உதட்டில் வைத்து எங்களை வராந்தாவுக்கு அழைத்தார். ஓடைக்கு அக்கரையில் ஒரு காசோவாரி நின்றது. பறக்காத பறவை, ஏறக்குறைய என் உயரம். கரும்போர்வைபோல் உடல், நீலக் கழுத்து, தலையில் கொம்புபோல ஒரு கொண்டை. உட்பக்க விரலில் ஐந்து அங்குல நகம் உண்டு, உதைத்தால் ஆபத்து, அதனால் கிட்டே போகக் கூடாது என்றார். அதன் காலடியில் பழுப்பு வரி போட்ட மூன்று குஞ்சுகள். தாய் என்றுதான் நான் நினைத்தேன். அல்ல, தகப்பன். பெண் பறவை முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஆண் பறவைதான் ஐம்பது நாள் அடைகாத்து, குஞ்சு பொரித்த பிறகு ஒன்பது மாதம்போல உடன் வைத்து வளர்க்குமாம். காட்டு மரங்களின் பெரிய பழங்களை விழுங்கி விதைகளைத் தூர இடங்களில் போடுவதும் இந்தப் பறவைதான். ஆஸ்திரேலியாவில் அருகிவரும் இனம்.

என் கணவர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குஞ்சு பின்தங்கியது. பெரியது நின்று, தலையைத் தாழ்த்தி, அது வந்து சேரும்வரை காத்திருந்தது. பிறகு நான்கும் புதருக்குள் போய்விட்டன. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம் என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் பேச்சுக் கொடுக்காமல் உள்ளே போய்விட்ட அந்த அம்மாளுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். புறப்படும்போது, போர்ட் டக்ளஸில் காத்திருந்த பிள்ளைகளுக்கென்று ஒரு பாட்டில் பழஜாமும் கொடுத்து அனுப்பினார். காரிலேயே பாதி தீர்ந்துவிட்டது.

அந்த வாசகரின் அச்சத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இந்தப் பெயரில் மதுவுக்கும் கும்மாளத்துக்கும் இடம் கொடுக்கும் விடுதிகள் வரலாம். ஐம்பது, நூறு அறை உள்ள பெரிய ஓட்டல்கள் குழந்தைகளை ஒதுக்கினால் நானே எதிர்த்து எழுதுவேன். முன்பதிவின்போது சொல்லாமல் வாசலில் வந்து நிற்கும் குடும்பத்தைத் திருப்பி அனுப்புவதும் அநியாயம். நான் கேட்பது சின்ன வீடுகளுக்கு மட்டும். மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் வீட்டு விடுதித் திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறைவரைதான் அனுமதி, உரிமையாளர் குடும்பமும் அங்கேயே குடியிருக்க வேண்டும். கோத்தகிரியிலும் ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் அப்படி வீடு நடத்துகிறவர்களில் பத்தில் ஒருவர், மாதத்தில் சில நாள்களையாவது பெரியவர்களுக்கென ஒதுக்கினால் யாருக்கு என்ன குறை? பிள்ளைகளுக்கு மீதி ஒன்பது வீடுகள் இருக்கின்றன. பெயரைப் பலகையில் எழுதும்போது மட்டும் அந்தச் சினிமாச் சொற்றொடரை விட்டுவிட்டு, ‘அமைதி விரும்புவோர் இல்லம்’ என்று எழுதலாம்.

தங்கள் பயணப் பகுதிக்கும் ஒரு வேண்டுகோள். அப்படி நடத்த யாரேனும் முன்வந்தால் ஊரும் விவரமும் வெளியிடுங்கள். நீலகிரிப் பக்கமாக இருந்தால் இன்னும் நல்லது, என் கணவருக்குக் குளிர் பிடிக்கும். நாங்கள் முதல் ஆளாக எழுதிப்போடுகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
மயிலாடுதுறை.