முதல் ஆறு வாரத்துக்கு மட்டும் வாங்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பட்டியலைப் படித்தேன். அதில் பாதிக்கு மேல் பிள்ளை பிறந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். பிறக்கும்போது எடை என்ன இருக்கும், பால் எப்படிக் குடிக்கும், அதன் தோல் எதற்கெல்லாம் சிவக்கும் என்று இப்போதே யாராலும் சொல்ல முடியாது. அது தெரியாமல் வாங்கும் பொருள்தான் பிரிக்காமலே கிடக்கும். முதல் ஆறு வாரத்தை மனதில் வைத்து ஒரு பொருளைப் பார்: ராத்திரி இரண்டு மணிக்கு இதைத் தேடுவேனா? தேடுவாய் என்றால் வாங்கு.

பணத்தையும் நேரத்தையும் படுக்கைக்கும், காரில் பிள்ளையை வைத்துக் கட்டும் கார் சீட்டுக்கும் செலவழி. இந்த இரண்டில் தவறினால் உயிருக்கு ஆபத்து.

தொட்டில் மெத்தை கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும். உள்ளங்கையால் அழுத்திவிட்டு எடு. குழி நிற்காமல் உடனே நிமிர்ந்தால் நல்ல மெத்தை. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் இடம் இருந்தால் அந்த மெத்தை சிறியது, வேண்டாம். கம்பிகளுக்கு இடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. போனால் பிள்ளையின் உடம்பு நழுவி வெளியே வந்து தலை மாட்டிக்கொள்ளும். அளவுகோலை வைத்தே அளந்து பார், கண்ணளவு போதாது. பட்டியலில் உள்ள தலையணை, பக்கத்தில் கட்டும் பஞ்சு பம்பர், கனமான போர்வை, பொம்மைகள் எல்லாவற்றையும் அடித்துவிடு. முகத்தில் துணி விழுந்தால் தள்ளிவிட அந்த வயதில் பலம் கிடையாது. அமெரிக்காவில் பம்பரையும் சாய்வான படுக்கையையும் 2022-ல் சட்டம் போட்டே தடுத்துவிட்டார்கள். வெறும் தொட்டில், இறுக்கமான விரிப்பு, மல்லாந்து படுத்த பிள்ளை, அவ்வளவுதான். தொட்டில் முதல் ஆறு மாதமாவது உங்கள் அறையிலேயே இருக்கட்டும்.

விரிப்பு நான்கும், மெல்லிய ரப்பர் ஷீட் இரண்டும் வாங்கு. நான்கு முனையிலும் எலாஸ்டிக் வைத்து இறுக்கமாக மாட்டும் வகையாகப் பார். ராத்திரிக்கு ரப்பர் ஷீட், விரிப்பு, அதன் மேல் மறுபடி ரப்பர் ஷீட், விரிப்பு என்று மாட்டிவை. நனைந்தால் மேல் இரண்டையும் உருவினால் போதும், கீழே காய்ந்த படுக்கை தயாராக இருக்கும்.

கார் சீட்டைப் புதிதாகவே வாங்கு. யாரோ கொடுத்த பழையது விபத்தில் சிக்கியதா என்று வெளியே பார்த்துத் தெரியாது. பிளாஸ்டிக்குக்கும் காலாவதித் தேதி உண்டு, அடியில் அச்சிட்டிருக்கும். பிள்ளையின் முகம் காரின் பின்பக்கம் பார்த்தபடி, பின் இருக்கையில் மாட்ட வேண்டும். காரின் பெல்ட் சீட்டுக்குள் நுழையும் இடத்தைப் பிடித்து ஆட்டு, 2.5 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் இன்னும் இறுக்கு. பிள்ளையைக் கட்டும் பட்டை தோளுக்கு நேராகவோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். தோள் பக்கத்தில் பட்டையைக் கிள்ளிப் பார். மடிப்பு விரலில் பிடிபட்டால் தளர்வு. தடிமனான ஸ்வெட்டர் போட்டு அதன் மேல் பட்டை மாட்டாதே. இறுக்கியது போலத் தெரியும், மோதும்போது பஞ்சு அமுங்கிப் பட்டை தளர்ந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையை அதிலிருந்து எடுத்துத் தொட்டிலில் போடு. உட்கார்ந்த நிலையில் தலை முன்னால் சரிந்தால் மூச்சுக்குழாய் மடங்கும்.

டயப்பர் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு வரை போகும். ஆனாலும் நியூபார்ன் அளவில் ஒரே ஒரு பாக்கெட் போதும். முதல் சில நாள் எடை குறைந்து, இரண்டு வாரத்துக்குள் மீண்டுவிடும்; பிறகு வாரம் 150, 200 கிராம் என்று ஏறும், அளவு சீக்கிரம் மாறும். கசிவதற்குப் பாதி நேரம் காரணம் தொடைப் பக்கத்துச் சுருக்கம் உள்ளே மடிந்திருப்பதுதான். மாட்டியதும் விரலைச் சுற்றிவிட்டு வெளியே இழுத்துவிடு. துணி டயப்பர் என்றால் 24 வேண்டும். துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்றாதே, துணி ஈரத்தை உறிஞ்சாமல் போகும். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளில் ஆறு டயப்பராவது நன்றாக நனைந்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். குறைந்தால் டாக்டரிடம் காட்டு.

சட்டை எட்டு போதும், முன்பக்கம் திறந்து பிரஸ் பட்டன் வைத்தது. கழுத்தில் நாடா உள்ளது வேண்டாம். வாசனை இல்லாத சோப்பில் ஒருமுறை அலசிய பிறகே போடு. காலுறையையும் கையுறையையும் உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, வெளிச்சத்தில் பார். தையல் ஓரத்தில் தொங்கும் ஒரு நூல் பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கினால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். விரல் வீங்கிச் சிவக்கும், பிள்ளை ஏன் அழுகிறது என்று யாருக்கும் புரியாது. நூலை ஒட்ட நறுக்கிவிடு. உதிர்ந்த தலைமுடியும் இதே வேலையைச் செய்யும், அதனால் அழுகை நிற்காத நேரத்தில் கால் விரல்களைப் பிரித்துப் பார்.

பால் பம்ப் இப்போது வேண்டாம், தேவை வந்தால் ஒரே நாளில் வாங்கிவிடலாம். பவுடர் எந்த வகையும் வேண்டாம், மூச்சில் போகும். தொப்புள் கொடி விழும்வரை ஈரத்துணியால் துடைப்பதுதான் குளியல், அதனால் தொட்டிக்கும் அவசரம் இல்லை. டிஜிட்டல் தெர்மாமீட்டர் மட்டும் கட்டாயம். மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸ் காட்டினால் மருந்து எதுவும் கொடுக்காமல், விடியட்டும் என்று காத்திராமல், நேரே ஆஸ்பத்திரிக்குப் போ.

பட்டியலில் உனக்கென்று ஒன்றுமே எழுதவில்லையே, கண்ணு. பிரசவத்துக்குப் பிறகு வாரக்கணக்கில் உதிரம் போகும். பெரிய பேடு நிறைய வேண்டும். இடுப்புக்கு மேலே வரும் தளர்ந்த பருத்தி உள்ளாடை வாங்கு, அறுவை சிகிச்சை நடந்தாலும் தையலில் உரசாது. தையல் போட்ட இடத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் பீய்ச்ச, அழுத்தினால் தண்ணீர் வரும் பாட்டில் ஒன்று. பால் கொடுக்கும் பிரா கடைசி மாதத்தில் இரண்டு மட்டும் வாங்கு, பால் கட்டியதும் அளவு மாறும்.

கர்ப்பத்தின் 36-வது வாரத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் பை தயாராகட்டும். கார் சீட்டை மாப்பிள்ளை இந்த வாரமே மாட்டிக் கழற்றிப் பழகட்டும், ஆஸ்பத்திரி வாசலில் வைத்துக் கையேட்டைப் புரட்ட வேண்டாம். தொட்டிலை அளந்துவிட்டு மெத்தையின் நீள அகலத்தை எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா