கிளைடர் எச்சரிக்கைக் கருவி அப்டேட்: மூன்று மாத அலைச்சல் குறித்த புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது என் ஆறாவது கடிதம். முதல் ஐந்துக்கும் "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே பதில்தான் வந்தது. யாராவது முழுதாகப் படிப்பீர்கள் என்று நம்பி இம்முறையும் பொறுமையாகவே எழுதுகிறேன்.

பிப்ரவரியில் உங்களிடம் கொடுத்தது உங்களிடமே வாங்கிய ஃபிளார்ம் கருவி; எஞ்சின் இல்லாத கிளைடர் விமானங்கள் வானில் ஒன்றோடொன்று மோதாமல் எச்சரிப்பது. வருடத்துக்கு ஒருமுறை அப்டேட் செய்யாவிட்டால் தேதி தாண்டியதும் இ11 என்ற எரர் எண்ணைக் காட்டி முடங்கிவிடும் என்பது, விற்ற உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த விதியில் எனக்குக் குறையில்லை. எல்லாக் கருவிகளும் ஒரே ரேடியோ மொழி பேசினால்தான் ஒன்றின் இருப்பு இன்னொன்றுக்குத் தெரியும். 2015 மார்ச்சில் எல்லாரும் மென்பொருளின் ஆறாம் பதிப்புக்கு மாறியாக வேண்டும் என்றபோது நான் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் வேலையில் இருந்தேன். அன்று என் பழைய கருவிக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அப்டேட் கோப்பு இன்றும் இலவசம்தான். உங்கள் கருவிதான் அதை ஏற்க மறுக்கிறது. மூன்று பென் டிரைவ் மாற்றிப் பார்த்துவிட்டேன்.

சரி, கொண்டு வாருங்கள் என்றீர்கள். பள்ளிக்கரணையிலிருந்து கத்திப்பாரா, கோயம்பேடு வழியாக அம்பத்தூர் எஸ்டேட் வரை ஸ்கூட்டரில் வந்தேன். வாசலில் செக்யூரிட்டி சொல்கிறார், "சர்வீஸ் சென்டர் பெருங்குடிக்கு மாறி நாலு மாசம் ஆச்சே சார்." பெருங்குடி! என் வீட்டுக்குப் பக்கத்து ஊர். முகவரி மாறியதைச் சொல்ல ஒரு எஸ்எம்எஸ் போதாதா?

பெருங்குடியில் கவுண்டரில் இருந்த தம்பி கருவியை ஆன் செய்தார், ஒரு நிமிடம் பார்த்தார், "எரர் ஒண்ணும் வரலையே, நல்லாத்தானே இருக்கு" என்று நகர்த்தி வைத்தார். ஜிபிஎஸ் கிடைத்து இன்றைய தேதி தெரிந்தால்தானே காலாவதி ஆனது கருவிக்கே தெரியும்? இரண்டு மாடி கான்கிரீட்டுக்குக் கீழே எப்படி இ11 வரும்? வெளியே பார்க்கிங்கில் வைத்துப் பார்க்கலாம் என்றேன். "வெயில்ல எல்லாம் வர முடியாது சார். வேணும்னா நீங்க போய் நில்லுங்க." இதைச் சொல்லும்போது அவர் தலை நிமிரவில்லை, பார்வை முழுக்க போனில். எனக்கு வயது 58.

அதற்கு முன்பே, ஜனவரியில், உங்கள் கால் சென்டர் பெண் "டிரோனா சார்?" என்று கேட்டதைச் சொல்ல மறந்துவிட்டேன். அவராவது மரியாதையாகக் கேட்டார்.

ஒரே தெர்மலில், அதாவது மேலெழும் வெப்பக் காற்றில், நான்கு கிளைடர்கள் சுற்றும்போது கடைசிக்கட்ட எச்சரிக்கைக்கும் மோதலுக்கும் நடுவே எட்டு விநாடிதான். உங்கள் ஹோல்ட் மியூசிக்கே அதைவிட நீளம்.

வருடம் முழுக்க நான் காத்திருப்பது மே மாதத்தில் ஒரே ஒரு வாரத்துக்குத்தான். ஜெர்மனியின் ஸ்வாபியன் ஆல்ப் மலையோரம் நண்பர்கள் இருவரோடு பங்கு போட்டு வாங்கிய கிளைடர் இருக்கிறது. வேலை செய்யும் கருவி இல்லாமல் எங்கள் கிளப் ஏறவே விடாது. இந்த வருடம் கைவீசிக்கொண்டு போய், மற்றவர்களின் கிளைடர் கிளம்பும்போது அதன் இறக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டுத் திரும்பினேன். விமான டிக்கெட், விடுமுறை, மன உளைச்சல், முழங்கால் வலி எல்லாம் சேர்த்து ஐந்து லட்சத்துக்குக் குறையாத நட்டம், பெட்ரோல் தனி.

உங்கள் நிறுவனத்தின் மீது எனக்கு இன்னும் மதிப்பு உண்டு. இம்மாத இறுதிக்குள் கருவியைத் திறந்த வெளியில் சோதித்து, அப்டேட் செய்து, அல்லது மாற்றித் தாருங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைப்பேன், அப்புறம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆணையத்தில் வழக்குத்தான். அம்பத்தூர் செக்யூரிட்டியையே சாட்சிக்குக் கூப்பிடுவேன். தயவுசெய்து அதுவரை போக வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
பள்ளிக்கரணை, சென்னை

பின்குறிப்பு: கருவியோடு கொடுத்த நீல நிறப் பென் டிரைவையும் திருப்பித் தரவும். அது என் மகளுடையது, தினமும் கேட்கிறாள்.