பூனைக்கும் பிரஷர் வரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வயதான வளர்ப்புப் பிராணிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நாய்களைப் பற்றி எழுதியிருந்ததில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பூனைக்குக் கிடைத்தது நாலே வரி. அதில் ஒன்று, வயதான பூனைக்குக் கண் மங்குவது சகஜம், கவலைப்பட வேண்டாம் என்றது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். இதே வார்த்தையை ஒரு மருத்துவர் வாயால் கேட்டு, நம்பி, நாலு நாளை வீணடித்தவள் நான்.

நான் தையல்காரி. 38 வருடமாக வீட்டு முன்னறையில் மெஷின் போட்டிருக்கிறேன். துரைக்கு 13 வயது. பேர் துரை, நடையும் அதிகாரமும் அதற்கு ஏற்ற மாதிரிதான். (பூனையை ‘அவன்’ என்று எழுதக் கூடாது என்பது உங்கள் வழக்கமானால் திருத்திக்கொள்ளுங்கள். என் கைக்கு ‘அது’ வரவில்லை.)

மெஷினில் நூல் மாற்றும்போது நுனி கீழே தொங்கும். எந்த மூலையில் தூங்கினாலும் துரைக்கு அது தெரிந்துவிடும். வந்து ஒரு தட்டு தட்டாமல் போக மாட்டான். அன்று காலை நூல் அவன் மூக்குக்கு நேரே ஆடியது. அவன் அசையவில்லை. கோபமாக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் எழுந்தவன், சுவரை ஒட்டியே, வயிறு தரையில் படுகிற மாதிரி பதுங்கிப் பதுங்கி நடந்தான். வருடக்கணக்காக அதே இடத்தில் இருக்கிற ஸ்டூல் காலில் போய் முட்டினான். தூக்கி ஜன்னலோரம் வெயிலில் உட்காரவைத்து முகத்தைப் பார்த்தேன். வெயிலில் கீற்றாகச் சுருங்க வேண்டிய கண்மணி, இரண்டு கண்ணிலும் கோட்டுக்குத் தைக்கிற பெரிய கறுப்புப் பொத்தான் மாதிரி விரிந்து கிடந்தது. முந்தின இரவு வரை பரண் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தவன்.

அன்றே ஒரு மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் துரையின் முகத்துக்கு முன்னால் கையை விசிறினார். துரை கண்ணைச் சிமிட்டினான். “பார்வை இருக்கும்மா, மங்கியிருக்கு. வயசாச்சில்ல” என்று சொல்லி, சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அவர் கையிலிருந்து வந்த காற்று மீசையில் பட்டதால்தான் துரை சிமிட்டினான் என்பது எனக்கு அப்போது தெரியாது. சிமிட்டினானே என்ற சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நாலாம் நாள் வலது கண்ணின் அடிப்பக்கத்தில், கிண்ணத்தில் தேங்கிய மாதிரி, ரத்தம் நின்றது. வேறு ஒரு மருத்துவரிடம் ஓடினேன்.

அந்த அம்மாள் வேலை செய்த விதத்தை நான் விரிவாகவே சொல்ல வேண்டும். முதலில் துரையைத் தொடவே இல்லை. கதவைச் சாத்தி, கூடையைத் திறந்து வைத்து, “பத்து நிமிஷம் சும்மா இருங்கம்மா” என்றார். பயந்த பூனைக்கு ரத்த அழுத்தம் தானாகவே ஏறிக் காட்டுமாம். பிறகு முன்னங்காலைச் சுற்றி ஒரு நாடாவால் அளவெடுத்தார். என் தொழில் அல்லவா, எதற்கு என்று கேட்டுவிட்டேன். காலில் கட்டுகிற பட்டையின் அகலம், காலின் சுற்றளவில் 30 முதல் 40 சதவீதம் இருக்க வேண்டுமாம். பட்டை குறுகலானால் எண் கூடுதலாகக் காட்டும், அகலமானால் குறைத்துக் காட்டும். அளவு தப்பினால் துணி மட்டுமா கெடுகிறது! சத்தத்தில் துரை மிரளக் கூடாதென்று காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, திரும்பத் திரும்ப ஆறு தடவை பார்த்தார். முதல் எண்ணைக் கணக்கில் சேர்க்காமல் மற்றதற்குச் சராசரி போட்டார். 210. பூனைக்கு 160ஐத் தாண்டினாலே ரத்தக் கொதிப்புதான், 180க்கு மேல் போனால் கண்ணுக்கும் மூளைக்கும் ஆபத்து என்றார்.

அதற்கப்புறம்தான் கண். ஒரு பஞ்சு உருண்டையைத் துரைக்கு முன்னால் உயரத்திலிருந்து நழுவவிட்டார். பஞ்சுக்குச் சத்தமும் கிடையாது, காற்றும் கிடையாது. பார்வை உள்ள பூனை தலையால் அதைத் தொடரும். துரை சுவரைப் பார்த்தபடி இருந்தான். விளக்கடித்துக் கண்ணுக்குள் பார்த்தவர் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். ரத்தம் இல்லாத இடது கண்ணில், கண்மணிக்குச் சற்றுப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு மடிப்பு, அதில் சிவப்பு நூல் ஓடினாற்போல் நாளங்கள். விழித்திரையாம். பின்சுவரில் ஒட்டியிருக்க வேண்டியது பிய்ந்து முன்னால் வந்து தொங்குகிறது. கோட்டுக்குள் லைனிங் தையல் விட்டு உப்பிக்கொண்டு வருமே, அசல் அதுதான். அழுத்தம் தாங்காமல் கண்ணின் மெல்லிய நாளங்கள் கசிய, அந்த நீர் விழித்திரைக்குப் பின்னால் சேர்ந்து அதைத் தள்ளிவிடுகிறது. ஒட்டியிருந்த இடத்திலிருந்துதான் அதன் பார்வைச் செல்களுக்கு ஊட்டமே வருகிறது. விட்டுப்போன நேரத்திலிருந்து அவை சாக ஆரம்பிக்கும். அழுத்தத்தை இறக்கினால் திரை பல சமயம் திரும்ப ஒட்டிக்கொள்ளும், ஆனால் செத்த செல் திரும்பாது. நாலு நாள் என்பதன் பொருள் எனக்கு அங்கேதான் விளங்கியது.

கேள்விகளும் வரிசையாக வந்தன. சமீபத்தில் ஏதாவது ஆன்டிபயாட்டிக் கொடுத்தீர்களா? என்ரோஃப்ளாக்சசின் அளவு மீறினால் பூனையின் விழித்திரையையே சுட்டுவிடும், நாய்க்கு வாங்கிய மிச்சத்தைப் பூனைக்குக் கொடுக்கிறவர்கள் உண்டாம். மயக்க மருந்து கொடுத்துப் பல் சுத்தம் செய்தீர்களா? வாயை நீண்ட நேரம் விரித்து வைத்தால் மூளைக்குப் போகிற ரத்தம் குறைந்தும் பார்வை போகலாம். நாய்த் தீவனம் போடுகிறீர்களா? அதில் பூனைக்குத் தேவையான அளவு டாரின் என்கிற சத்து இருக்காது. டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும் என்று 1975லேயே கண்டுபிடித்திருக்கிறார்களாம். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். “தண்ணி நிறைய குடிக்கிறானா?” என்று கேட்டபோதுதான் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

குடித்தான். மூன்று மாதமாகவே கிண்ணம் சீக்கிரம் காலியாகிக்கொண்டிருந்தது. பிள்ளை நன்றாகத் தண்ணீர் குடிக்கிறான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான். உடம்பு இளைத்ததையும் வயதின் கணக்கில் எழுதிவிட்டேன். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் பழுதாகியிருப்பது தெரிந்தது. வயதான பூனைக்கு ரத்தக் கொதிப்பு வந்தால் பெரும்பாலும் பின்னால் சிறுநீரகம் இருக்கும், இல்லாவிட்டால் அளவுக்கு மீறி வேலை செய்கிற தைராய்டு இருக்கும். சிலதுக்குக் காரணமே அகப்படாது.

மருந்துச் சீட்டைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, அந்த நேரத்திலும். அம்லோடிபின், பிரஷர் மாத்திரை. நான் தினம் காலையில் போட்டுக்கொள்கிற அதே மாத்திரை. ஆனால் நான் போடுவது 5 மில்லிகிராம். துரைக்கு 2.5 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்குதான். என் மாத்திரையை அப்படியே கொடுத்திருந்தால் எட்டு மடங்கு! இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டிலிருக்கிற மாத்திரை அட்டையிலிருந்து தாங்களாகக் கிள்ளிக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அளவைச் சொல்கிறேன். அளவைத் தீர்மானிப்பது எண்ணைப் பார்க்கிற மருத்துவர். துரைக்கே ஒரு வாரத்தில் 178 வரைதான் இறங்கியது, அதனால் அரை மாத்திரை ஆக்கினார்கள். இப்போது 148ல் நிற்கிறது.

முதல் இரண்டு வாரம் அவனும் பட்டான், நானும் பட்டேன். ராத்திரி நடுக்கூடத்தில் நின்று கத்துவான். எங்கே இருக்கிறோம் என்று தெரியாத கத்தல். நான் ஓடிப்போய்த் தூக்கி மடியில் வைத்துக்கொள்வேன், இறக்கிவிட்டதும் இன்னும் அதிகமாகக் கத்துவான். நான் தூக்குவதே தப்பு என்று மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. தூக்கிய இடம் ஒன்று, விட்ட இடம் ஒன்று என்றால் அவன் மனதில் போட்டு வைத்திருக்கிற வழி குழம்பிப்போகும். தூக்கியே ஆக வேண்டுமென்றால், மணல் தட்டுக்குப் பக்கத்திலோ தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்திலோ விட வேண்டும். அங்கிருந்து மற்ற இடங்களை அவனே பிடித்துக்கொள்வான். ஒரே அறையில் வைத்து, தட்டு, தண்ணீர், படுக்கை மூன்றையும் இடம் மாற்றாமல், அந்த அறை பழகியபின் அடுத்த அறை என்று போனோம்.

என் வீட்டில் பெரிய சிக்கல் நானேதான். தைக்கிற வீட்டில் தரை என்று ஒன்று இருந்ததே இல்லை. வெட்டிய துணி, மூட்டை, நூல்கண்டு எல்லாம் கீழேதான் கிடக்கும். ஒரு நாள் வாசலோரம் நான் வைத்த மூட்டையில் மோதி, அன்று முழுக்க அவன் அந்தப் பக்கமே வரவில்லை. இப்போது ஊசி முதல் மூட்டை வரை எல்லாம் அலமாரியில். இந்த ஒழுங்கை என் வீட்டுக்காரர் 30 வருடமாகக் கேட்டும் கிடைக்காதது, துரை இரண்டே வாரத்தில் வாங்கிவிட்டான். மாடிப்படிக்கு முன்னால் ஓரடி அகலத்துக்கு வரிவரியான கார்டுராய்த் துணியை ஒட்டிவிட்டேன். பாதத்தில் அந்த வரி பட்டதும் நின்றுவிடுகிறான். ஜன்னல்களுக்கு வலை அடித்தாயிற்று. அவனைத் தொடுவதற்கு முன்னால் கத்தரிக்கோல் பிடியால் மேஜையில் இரண்டு தட்டு தட்டுவேன். சொல்லாமல் தொட்டால் துள்ளி விழுகிறான்.

இதெல்லாம் நான் செய்தது. அவன் செய்ததைத்தான் பார்க்க வேண்டும். மெஷின் சத்தம் அவனுக்குக் கலங்கரை விளக்கம் ஆகிவிட்டது. வீட்டில் எங்கிருந்தாலும் மிதி ஓடுகிற சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நேராக வந்துவிடுகிறான். நாற்காலிமேல் ஏறுவதற்கு முன் ஒரு முன்னங்காலை நீட்டி விளிம்பைத் தடவிப் பார்க்கிறான். மீசையெல்லாம் முன்பக்கம் விசிறியாக விரிந்து நிற்கும். பூனைக்கு முன்னங்கால் மணிக்கட்டின் பின்புறமும் மீசைமயிர் உண்டு என்பதை 13 வருடம் கூடவே இருந்தும் நான் இப்போதுதான் கவனித்தேன். அளவெடுத்து முடித்தால் ஒரே தாவல். ஒரு தடவை கூடத் தப்பவில்லை. பரண் ஆசையை மட்டும் விட்டுவிட்டான்.

“பாவம், ஊசி போட்டுத் தூங்க வெச்சுடுங்க, எதுக்கு அதுக்குக் கஷ்டம்” என்று இரண்டு பேர் என்னிடம் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். கண் போன மனிதனுக்கு வருகிற துக்கத்தைப் பூனைக்கும் சேர்த்து நாமே பட்டுவிடுகிறோம். கசக்கிய காகித உருண்டையைச் சத்தத்தை வைத்தே துரத்துகிறவனைப் பார்த்தால் இப்படிச் சொல்லத் தோன்றாது.

வயது முதிர்ந்தால் கண்ணின் கருவிழி ஓரமும் லென்ஸும் நிறம் மாறுவது உண்மைதான், அது மெதுவாக வருவது. ஒரு ராத்திரியில் பார்வை போனால் அது வயது அல்ல, அவசரம். ஏழு வயது தாண்டிய பூனைக்கு வருடத்துக்கு ஒரு தடவையாவது, பதினொன்றுக்கு மேல் முடிந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். துரையை வருடா வருடம் தடுப்பூசிக்குக் கொண்டுபோயிருக்கிறேன். எடை போட்டார்கள், பல் பார்த்தார்கள். ஒருவரும் காலில் பட்டை கட்டவில்லை. கட்டுங்கள் என்று கேட்க எனக்கும் தெரியவில்லை, பூனைக்கு பிரஷர் வரும் என்று அதுவரை யார் கேள்விப்பட்டது?

இரண்டு மாதம் கழித்து, போன வாரம், மெஷினை நிறுத்திவிட்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு, அவனுடைய இடது கண் பக்கம் நூலை ஆட்டிப் பார்த்தேன். ஐந்து தடவையில் மூன்று தடவை தலையைத் திருப்பினான். நிழல் மாதிரி ஏதாவது தெரியலாம், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள் என்றார் மருத்துவர். வலது கண்ணில் ஒன்றுமில்லை.

கட்டுரையில் வந்த வரிக்கு நீங்கள் திருத்தம் போடுவதானால் ஒரு வேண்டுகோள். அதைப் பூனைப் படத்துக்குக் கீழே போடுங்கள். போன தடவை போல நாய்ப் படத்துக்குக் கீழே போட்டால் பூனை வளர்க்கிறவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். நானே அப்படித்தான் திருப்பப் பார்த்தேன்.

இப்படிக்கு,
துரை வீட்டுத் தையல்காரி