‘புரியலை’ என்று சொல்ல ஒரு மாதம் ஆகிறது

பல்கலைக்கழகங்களின் நாட்டு நலப்பணித் திட்ட ஒருங்கிணைப்பாளர்களுக்கும், கல்லூரி முதல்வர்களுக்கும், திட்ட அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மரக்காணம் பக்கம் உப்பளத்தை ஒட்டிய ஒரு தெருவிலிருந்து எழுதுகிறேன். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. அதற்கு ஐந்து நாள் முன்னால், அக்டோபர் 27-ஆம் தேதி, தன்னார்வலர்கள் பிள்ளைகளின் தெருவிலேயே சாயங்கால வகுப்பு நடத்தும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தது எங்கள் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான். நானும் தன்னார்வலராகப் பெயர் கொடுத்தேன். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. என் வீட்டுத் திண்ணைதான் மையம். பிற்பாடு மையம் முடிந்தது, பிள்ளைகள் வருவது முடியவில்லை. சாயங்காலம் ஆறு மணியானால் பையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

வீட்டில் படிக்க முடியாதா என்று கேட்கலாம். பொங்கல் கழிந்து உப்பள வேலை தொடங்கினால் மழைக்காலம் வரும்வரை அம்மாவும் அப்பாவும் விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவார்கள். ஒரே அறை, ஒரே விளக்கு. அணைக்கத்தான் சொல்வார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

நான் பிளஸ் டூ வரை படித்தவள். ஐந்தாம் வகுப்பு வரை சமாளிப்பேன். அதற்கு மேல் கணக்கு, இங்கிலீஷ் என்றால் கல்லூரிப் பிள்ளைகளைத்தான் பார்க்க வேண்டும். அவர்களை அனுப்புகிறவர்கள் நீங்கள் என்பதால் இந்தக் கடிதம் உங்களுக்கு.

முதலில் ஒரு பேனர் கதை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, ஒரு கல்லூரியிலிருந்து (பெயர் வேண்டாம்) வேன் வைத்துக்கொண்டு நாற்பது மாணவர்கள் வந்தார்கள். என் ஜன்னல் கம்பியில் பேனர் கட்டினார்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பென்சில் பாக்ஸ். ஒருவர் தன்னம்பிக்கை பற்றி மைக்கில் பேசினார். அப்புறம் மூன்று மூன்று பேராகப் பிரிந்து ‘பாடம் நடத்தினார்கள்’. ஒரு பிள்ளைக்கு மூன்று வாத்தியார், அத்தனையும் போட்டோவுக்காக. நாலு மணிக்கு வேன் கிளம்பிவிட்டது, பேனரை அவிழ்க்க மறந்துவிட்டார்கள். நல்ல கெட்டி ஃபிளெக்ஸ். இன்றைக்கும் எங்கள் திண்ணைக்குச் சாரல் அடிக்காமல் மறைப்பது அதுதான். ஆகவே அந்த வருகையால் பயனே இல்லை என்று நான் சொல்ல முடியாது.

அந்த நாற்பது பேரையும் நான் குறை சொல்லவில்லை. நல்ல பிள்ளைகள்தான், ஓடியாடி வேலை செய்தார்கள். சேவை மணிக் கணக்கு எழுதும் அவர்கள் நோட்டில் அன்றைக்கு எட்டு மணி நேரம் ஏறியிருக்கும். எங்கள் பிள்ளைகளின் கணக்கில் என்ன ஏறியது என்று பார்க்க யாரும் திரும்ப வரவில்லை, அவ்வளவுதான்.

இனி இன்னொருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். பக்கத்து ஊர்க்காரி, பி.எஸ்சி. கணிதம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தவள்தான். கல்லூரி விட்டு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் வந்து, புதன்கிழமைகளில் மட்டும் எங்கள் நிறுத்தத்தில் இறங்கிக்கொள்வாள். அவளிடம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனை ஒப்படைத்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், கரும்பலகையில் இருப்பதைப் பிசகாமல் எழுதி வருவான். வகுத்தல் மட்டும் வராது.

முதல் புதன் வகுத்தல் சொல்லிக் கொடுத்தாள். “புரிஞ்சுதாடா?” “புரிஞ்சுதுக்கா.” இரண்டாவது புதனும் அதேதான். “புரிஞ்சுதுக்கா.” கணக்கைக் கொடுத்தால் பென்சிலைச் சீவுவான், ரப்பர் தேடுவான், தண்ணீர் குடிக்கப் போவான். மூன்றாவது புதன் அவள் ஏதோ பேச்சுவாக்கில், “எனக்கே ஒரு பேப்பர் அரியர் இருக்குடா, அதை நினைச்சா தூக்கம் வரலை” என்றாள். பையன் நிமிர்ந்து பார்த்தான். “நீங்க ஃபெயிலாக்கா?” “ஆமாம்.” “காலேஜ்லயுமா?” அன்றைக்கு முழுக்க அவன் கணக்கே போடவில்லை. அரியர் என்றால் என்ன, திரும்ப எழுதலாமா, வீட்டில் அடிப்பார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

நாலாவது புதன் வந்ததும் நோட்டைத் திறப்பதற்கு முன்பே மெதுவாகச் சொன்னான்: “அக்கா, எனக்கு ஏழாம் வாய்ப்பாடே தெரியாது. ஆறும் சரியா வராது.”

வகுத்தல் வராததற்குக் காரணம் வகுத்தல் இல்லை. அவன் மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு படிக்க வேண்டிய நேரத்தில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. பிறகு வந்த ஒவ்வொரு வகுப்பிலும் தெரிந்த மாதிரியே உட்கார்ந்து பழகிவிட்டான். ‘புரியலை’ என்ற ஒரு சொல்லை வெளியே கொண்டுவர அவனுக்கு நாலு வாரம் ஆனது. அதுவும் அதே அக்கா, அதே கிழமை, அதே இடத்தில் வந்து உட்கார்ந்ததால். ஒரு நாள் வந்து போகிறவரிடம் எந்தப் பிள்ளையும் இதைச் சொல்லாது. நான் அவனைத் தினம் பார்க்கிறவள், என்னிடமே சொல்லவில்லையே.

இப்போது எனக்குள்ள வருத்தத்தைச் சொல்கிறேன். அவள் எங்கள் திண்ணைக்கு வந்த புதன்கிழமைகள் எதுவும் அவள் கணக்கில் சேரவில்லை. ‘அது கேம்ப் லிஸ்டில் இல்லையே’ என்று சொல்லிவிட்டார்களாம். சேவை மணிக்காக அவள் தனியாகச் சனிக்கிழமைகளில் முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு தத்தெடுத்த கிராமத்துக்குப் போய்ப் பார்த்தீனியம் பிடுங்கிவிட்டு வந்தாள். பார்த்தீனியம் பிடுங்க வேண்டிய செடிதான், மறுக்கவில்லை. ஆனால் அது அடுத்த மழைக்கு மறுபடி முளைத்திருக்கும்.

உங்கள் திட்டத்தின் விதி உங்களுக்குத் தெரியாததல்ல. காந்தி நூற்றாண்டு வருஷமான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. ஒரு மாணவர் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம், அதாவது வருஷத்துக்கு 120 மணி நேரம் பணி செய்ய வேண்டும். அதில் 20 மணி அறிமுகப் பயிற்சிக்கு, 30 மணி கல்லூரி வளாகத்துக்கு, மிச்சம் 70 மணி ஊருக்கு.

அந்த எழுபதை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு சாயங்காலம், இரண்டு மணி நேரம் என்று வகுத்தால் 35 வாரம். உங்கள் பருவத்துக்கு 90 வேலை நாள், இரண்டு பருவத்துக்கு 180. வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 36 வாரம். அளந்து தைத்த சட்டை மாதிரி பொருந்துகிறது. விதியை மாற்ற வேண்டாம், புதிதாக அரசாணை கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை. அந்த 70 மணி நேரத்தை ஒரே தெருவில், அதே இரண்டு மூன்று பிள்ளைகளோடு, வருஷம் முழுக்கச் செலவழிக்க விரும்பும் மாணவருக்கு அதைக் கணக்கில் ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிறேன். திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம் அது பாட்டுக்கு நடக்கட்டும்.

எந்தத் தெரு என்று கேட்டால், அவரவர் ஊர்த் தெருவே என்பேன். அரசுக் கலைக் கல்லூரிகளில் படிப்பவர்கள் பெரும்பாலும் எங்களைப் போன்ற ஊர்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள்தானே. அவர்களை வேனில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோவதைவிட, பஸ் விட்டு இறங்கும் இடத்திலேயே பணி இருந்தால் செலவில்லை. பெண் பிள்ளைகள் இருட்டில் தனியாகத் திரும்ப வேண்டிய பயமும் இல்லை. வந்தார்களா இல்லையா என்று யார் சான்று தருவது? ஊர்ப் பள்ளித் தலைமை ஆசிரியர் இருக்கிறார், பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. வாரா வாரம் ஒரு கையெழுத்து. பாடம் நடக்கும் இடம் தெருவைப் பார்த்த திண்ணையாக, நாலு பேர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும், மூடிய அறை கூடாது. இதை நான் முதல் நாளிலிருந்து கண்டிப்பாக வைத்திருக்கிறேன், நீங்களும் எழுத்தில் வையுங்கள்.

கட்டாயம் மட்டும் ஆக்கிவிடாதீர்கள். பட்டப் படிப்பின் ஐந்தாம் பகுதியில் விரிவாக்கப் பணிக்கு ஒரு கிரெடிட் உண்டு என்பதற்காகத் தள்ளிவிட்டால், ஆள் வந்து உட்காரும், கண் செல்போனில் இருக்கும். பிள்ளைகள் அதை அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடும். காலை ஷிஃப்ட் முடித்துவிட்டு மொபைல் கடைக்கும் கேட்டரிங்குக்கும் போய்ச் சம்பாதித்துப் படிக்கிற மாணவர்கள் நிறைய. அவர்களால் முடியாது, முடியாததில் தப்பும் இல்லை. நூறு பேர் கொண்ட ஒரு அலகில் பத்துப் பேர் மனசார வந்தாலே பத்துத் தெருவில் விளக்கு எரியும்.

இன்னொன்று. தேர்ந்தெடுக்கும்போது முதல் மார்க் வாங்கியவர்களாகவே பொறுக்காதீர்கள். அரியர் விஷயம் மேலே சொன்னேனே.

பாடம் மட்டும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு அம்மா, எட்டாம் வகுப்பு முடித்த மகளை ஒன்பதாம் வகுப்புக்குத் தனியார் பள்ளியில் சேர்க்கக் கடன் வாங்கத் தயாராக இருந்தார். இந்தக் கணக்கு அக்காதான் போய்ப் பேசினாள். “அத்தை, எனக்கு மாசம் 1,000 ரூபாய் புதுமைப்பெண் திட்டத்துல வருது. ஆறுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியிலயோ, அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் வழியிலயோ படிச்சாத்தான் அது. நடுவுல மாத்தினா இவளுக்குக் கிடைக்காது. மெடிக்கல், இன்ஜினீயரிங்ல அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு இருக்கற 7.5 சதவீத ஒதுக்கீடும் போயிடும்.” அந்த அம்மாவுக்கு 7.5 என்னவென்று தெரியாது. ஆனால் எதிரே நிற்கிற பெண்ணின் பேங்க் பாஸ்புக்கைக் கண்ணால் பார்த்தார். கடன் பேச்சு அன்றோடு நின்றது.

இதைப் பள்ளியில் ஆசிரியர்கள் சொல்லாமல் இல்லை. சொல்கிறார்கள், நோட்டீஸும் ஒட்டுகிறார்கள். போன வருஷம் தானே அந்த வரிசையில் நின்ற பிள்ளை சொல்வது வேறு மாதிரி இறங்குகிறது. பிளஸ் டூ முடித்தவனுக்கு, அரசுக் கலைக் கல்லூரிக்கு ஆன்லைனில் எப்படி விண்ணப்பிப்பது, முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துக்கு எதையெல்லாம் எடுத்துப் போக வேண்டும், கவுன்சலிங் அன்றைக்கு எத்தனை மணிக்குப் போய் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பழைய பாடம் இல்லை. செருப்புத் தேய்ந்த பாடம்.

வருகிறவர்களுக்கும் இதில் ஏதோ கிடைக்கிறது போலிருக்கிறது. ஒரு நாள் எட்டாம் வகுப்புப் பெண் கேட்டாள்: “பின்னத்தை வகுக்கும்போது ஏன்கா தலைகீழா மாத்திப் பெருக்கணும்?” கணக்கு அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள். “விதி அப்படி” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “அடுத்த வாரம் சொல்றேன்” என்றாள். அடுத்த புதன் வந்ததும் என் சமையலறையிலிருந்து படியையும் கால் படியையும் எடுத்துவரச் சொன்னாள். உப்புக்கு எங்கள் தெருவில் பஞ்சமா? முக்கால் படி உப்பைக் கொட்டி, கால் படியால் அளக்கச் சொன்னாள். மூன்று தடவை வந்தது. “முக்காலைக் காலால வகுத்தா எவ்வளவு?” “மூணு.” “ஒரு படியில எத்தனை கால் படி?” “நாலு.” “அப்ப முக்கால் படியில, நாலுல முக்கால் பங்கு. நாலால பெருக்கற மாதிரிதானே?” அந்தப் பெண் மறுபடி ஒருமுறை தானே அளந்து பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டாள். எனக்கும் அன்றைக்குத்தான் விளங்கியது. நான் அந்தக் கணக்கைப் பள்ளியில் மனப்பாடமாகத்தான் போட்டேன்.

உங்கள் பிள்ளைகளுக்கு நவம்பரில் பருவத் தேர்வு வரும், அந்த மூன்று வாரம் யாரும் வரமாட்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு டிசம்பரில் அரையாண்டு. இதற்கு வழி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள், அது போதும். சொல்லாமல் நின்றுபோன ஒரு அண்ணனுக்காக இரண்டு பையன்கள் மூன்று வாரம் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார்கள். நாலாவது வாரம் அவர்களும் திண்ணைக்கு வருவதை விட்டுவிட்டார்கள். ஒருவனைத்தான் திரும்பக் கூட்டிவர முடிந்தது.

உங்கள் சின்னத்தில் கோனார்க் தேர்ச்சக்கரம் இருக்கிறது. எட்டு ஆரமும் ஒரு நாளின் இருபத்து நாலு மணி நேரத்தைக் குறிக்கிறது என்று கணக்கு அக்கா எங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னாள். உடனே ஒருவன், “அப்ப புதன்கிழமை ஆறு மணி எந்தக் கம்பிக்கா?” என்று கேட்டான். அவள் விரல் வைத்துக் காட்டினாள். அதிலிருந்து பேட்ஜ் குத்திக்கொண்டு யார் வந்தாலும் இவர்கள் முதலில் அந்தக் கம்பியைத்தான் தேடுகிறார்கள்.

அவள் இப்போது மூன்றாம் ஆண்டு. மணி எழுத வேண்டிய இரண்டு வருஷமும் முடிந்துவிட்டது, இன்னும் வருகிறாள். அந்தப் பையன் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டான். வாய்ப்பாடு பன்னிரண்டு வரை ஒப்பிக்கிறான், எட்டில் மட்டும் கொஞ்சம் திக்குவான். ஏப்ரலோடு அவள் படிப்பு முடிகிறது. ஜூனில் எங்களுக்குப் புதன்கிழமைக்கு ஒருவர் வேண்டும். திண்ணை இருக்கிறது, பலகை இருக்கிறது, கொசுவர்த்தியும் டீயும் என் பொறுப்பு. கணக்கு தெரிந்தவராக இருந்தால் நல்லது. அரியர் இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
மரக்காணம் பக்கத்திலிருந்து ஒரு திண்ணைக்காரி