தேரின் இரும்புச் சட்டம்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்குத் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

தேரின் அடியிலுள்ள இரும்புச் சட்டமும் அச்சுத் தாங்கிகளும் புதிதாகச் செய்து பூட்டப்பட்டு, வெள்ளோட்டமும் நல்லபடியாக முடிந்துவிட்டது. தேர் நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வந்து சேர்ந்தது. வரவு செலவுக் கணக்கைப் பொதுக்குழுவில் தனியாக வைக்கிறோம். வெல்டிங் வேலை ஏன் இவ்வளவு இழுத்தது, கிரைண்டிங் வீலுக்கு ஏன் இவ்வளவு செலவு என்று பலரும் கேட்டீர்கள். அதற்குத்தான் இந்த அறிக்கை.

கழற்றிய பழைய தாங்கி ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பார்த்தோம். வெளியே வெல்டிங் வரி வரியாக அழகாகத்தான் இருந்தது. உள்ளே, அடி ஓட்டத்துக்கும் (உலோகத்தை உருக்கி ஒரு முறை போடும் வரிதான் ஓர் ஓட்டம்) அதற்கு மேல் ஓட்டத்துக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு. ஆணி முனையால் நெம்பியதும் கண்ணாடித் தூள் மாதிரி உதிர்ந்தது. அது ஸ்லாக், அதாவது வெல்டிங்கின் மேல் படிந்து இறுகும் கசடு. முன்பு பழுது பார்த்தவர்கள் அதைத் தட்டி எடுக்காமலேயே மேலே அடுத்த ஓட்டத்தைப் போட்டு மூடியிருக்கிறார்கள். விரிசல் அந்தக் கோட்டிலிருந்துதான் கிளம்பியிருந்தது. நின்ற தேரின் பாரத்தை அந்த இணைப்பு தாங்கிவிடும். ஓடுகிற சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும்போது விழும் இடியையும், வீதி முனையில் வடம் பிடித்துத் திருப்பும்போது பக்கவாட்டில் வரும் முறுக்கையும் தாங்காது.

புதிய தாங்கிகள் 25 மி.மீ. பிளேட்டில் செய்யப்பட்டவை. இந்தத் தடிமனை ஒரே ஓட்டத்தில் நிரப்ப முடியாது. விளிம்புகளைச் சாய்வாகச் செதுக்கி, அடியில் சிறு இடைவெளி விட்டு, ரூட் எனும் அடி ஓட்டம் போட்டு, நிரப்பி, கடைசியில் கேப்பிங் எனும் மேல் ஓட்டம் என்று ஓட்டத்தின் மேல் ஓட்டமாகப் போக வேண்டும். வெல்டிங் ராடில் (குச்சியில்) போட்டால் அடிக்கடி ராட் மாற்ற நின்று நின்று தொடங்க வேண்டியிருக்கும் என்பதால், ஃப்ளக்ஸ் கோர் வயர் (உள்ளே ஃப்ளக்ஸ் பொடி அடைத்த, ஸ்பூலிலிருந்து தொடர்ந்து வரும் கம்பி) என்று முடிவெடுத்தோம். 1.2 மி.மீ. வயர், கார்பன் டை ஆக்ஸைடு கேஸுடன் ஓடும் இ71டி-1 வகை. உபயதாரர் ஒருவர் கேஸ் தேவைப்படாத வயரை வாங்கித் தர அன்போடு முன்வந்தார். அதன் உறையில் வகை எண் ஜிஎஸ் என்று முடிந்தது. அந்த வகை ஒற்றை ஓட்டத்துக்கு மட்டுமே. அடுக்கடுக்காகப் போட்டால் உலோகம் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும் என்பதை விளக்கிச் சொன்னதும், அவர் அதே மனதோடு கேஸ் சிலிண்டர் செலவை ஏற்றுக்கொண்டார்.

கேஸ் வைத்துச் செய்வதால் காற்று ஆகாது, கேஸைக் கலைத்துவிடும். அதனால் தேர்க் கொட்டகையின் ஒரு மூலையைத் தார்ப்பாயால் அடைத்து வேலை நடந்தது. தேரின் இலுப்பை மரத்துக்குப் பொறி படாமல் இருக்க, சட்டம் முழுவதையும் தரையிலேயே செய்து முடித்து, பிறகு ஜாக்கி வைத்துத் தேரைத் தூக்கிப் பூட்டினோம்.

இனி ஸ்லாக் விஷயம். இந்த வயரின் ஸ்லாக் சும்மா தட்டினாலே ஓடு ஓடாகக் கழன்றுவிடும் என்பார்கள். திறந்த இடத்தில் அது சரி. ஆழமான பள்ளத்துக்குள் அப்படியில்லை. ஓட்டம் நடுவில் மேடாகப் புடைத்து விழுந்தால், இரண்டு ஓரங்களிலும் குறுகலான வாய்க்கால் உண்டாகும். ஸ்லாக் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சிப்பிங் சுத்தியின் முனைகூட அங்கே போகாது. அடுத்த ஓட்டம் அதை உருக்கி வெளியே தள்ளிவிடும் என்று நம்புவது தவறு. ஆகவே ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் சுத்தி, வயர் பிரஷ், அப்புறம் அந்த ஓரங்களைக் கிரைண்டிங் வீலால் திறந்து, பளிச்சென்ற இரும்பு தெரிந்த பிறகே அடுத்தது என்று ஒப்பந்தத்திலேயே எழுதினோம். வெல்டிங் டார்ச்சைச் சற்றே சாய்த்துப் பின்னிழுத்தபடி ஓட்டினால் உருகிய ஸ்லாக், ஆர்க் எனும் மின்சுடருக்கு முன்னால் ஓடாது. இணைப்பு எப்போதும் மல்லாந்த நிலையில் இருக்கும்படி, ஸ்டாண்டில் புரட்டிப் புரட்டி வைத்தே வேலை செய்தார்கள்.

இத்தனைக்கும் பிறகு சாயப் பரிசோதனையில் (சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பர் பூசினால், விரிசலுக்குள் போன சாயம் வெளியே கசியும்) ஓர் இணைப்பில் சிவப்புக் கோடு கசிந்து வந்தது. வெள்ளை டெவலப்பர் மேல் விரல் நீளத்துக்கு ஒரு கோடு. ஒப்பந்தக்காரர் மேலோடு தேய்த்து விடலாம் என்றார். குழு ஒப்புக்கொள்ளவில்லை. தோண்டியபோது, முந்தைய ஓட்டம் நின்ற இடத்திலேயே அடுத்ததும் தொடங்கியிருந்ததும், அந்தக் குழியில் ஸ்லாக் தங்கியிருந்ததும் தெரிந்தது. முழுவதும் எடுத்து மறுபடி நிரப்பினார்கள். அதன்பின் தொடங்கும் இடங்களை மாற்றி மாற்றி வைத்தார்கள். தாமதத்தின் பெரும்பகுதி இங்கேதான் போனது. அந்த நாட்களைக் கொடுத்தது சரி என்றே குழு உறுதியாகக் கருதுகிறது. வடம் பிடிக்க நம் பிள்ளைகள்தான் வருகிறார்கள்.

திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்தது பலருக்கும் தெரியும். நம் தேருக்கும் பிரேக் வேண்டும் என்ற கோரிக்கை அடுத்த பொதுக்குழுவில் எடுத்துக்கொள்ளப்படும். புதிய சட்டத்தில் அதற்கான இடம் விடப்பட்டுள்ளது.

பராமரிப்பு பற்றி ஒன்று. ஒவ்வொரு திருவிழாவுக்கும் முன்பு வெல்டிங்கின் இரு ஓரங்களிலும் பெயிண்ட் வெடித்திருக்கிறதா, துருக்கோடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் மேலே பெயிண்ட் அடிக்கக் கூடாது. சுரண்டிவிட்டுச் சாயப் பரிசோதனை செய்ய வேண்டும். மீதமிருந்த வயர் ஸ்பூல் பிரித்தது என்பதால் ஈரம் பிடித்துவிடும். அதை ஒப்பந்தக்காரரிடமே திருப்பிக் கொடுத்துத் தொகையில் கழித்துக்கொண்டோம். அறுத்த பழைய தாங்கி அலுவலகத்தில் இருக்கிறது, விரும்புபவர்கள் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு