மருந்துக்கடைப் பணியாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சீட்டைப் பார்த்து மருந்தை எடுத்துக் கொடுப்பதோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை, கொடுக்கும்போது கூடுதலாக ஒரு கேள்வி கேட்பதும் அவ்வேலையில் அடங்கும் என்பதையே இவ்வாண்டின் பயிற்சிக் கூட்டங்கள் அனைத்திலும் வலியுறுத்தினோம். மருந்தாளுநர்களோடு கடை உதவியாளர்களையும் அக்கூட்டங்களுக்கு அழைத்ததை இவ்வாண்டு எடுத்த மிக நல்ல முடிவாகக் கருதுகிறேன். கடைக்கு வருபவர் முதலில் வாய் திறப்பது பெரும்பாலும் அவர்களிடம்தான்.

வயிற்றுப்போக்கு குறித்த கூட்டத்தில் ஓர் உதவியாளர் சொன்னதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் வாங்க இரண்டாம் முறை வந்த தாயிடம், "எவ்வளவு தண்ணீரில் கரைத்தீர்கள் அம்மா?" என்று அவர் கேட்டிருக்கிறார். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை அந்தத் தாய் ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்திருந்தார். அவ்வளவு உப்புச் செறிவுள்ள கரைசல் குழந்தையின் இரத்தத்தில் சோடியத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்திவிடக்கூடும். உதவியாளர் ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்துக் காட்டி அளவை விளக்கியதோடு, குழந்தையை உடனே மருத்துவரிடம் காட்டவும் அனுப்பி வைத்தார். போக்கு நின்ற பிறகும் துத்தநாக மாத்திரையை 10 முதல் 14 நாள் வரை தொடர வேண்டும் என்பதையும் நாம்தான் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது.

இரத்த அழுத்தம் பார்க்கும் முறையையும் செய்து காட்டிப் பழக்கினோம். வந்தவரை 5 நிமிடம் பேசாமல் உட்கார வைத்து, முதுகுக்குச் சாய்வு கொடுத்து, கையை இதய மட்டத்தில் தாங்கிப் பிடித்துப் பார்த்தால்தான் அந்த எண்ணை நம்பலாம். மீண்டும் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நோயை உறுதி செய்வது நம் பொறுப்பு அன்று. அதேபோல் இரண்டு வாரத்துக்கும் மேலாக இருமிக்கொண்டு மீண்டும் மீண்டும் இருமல் மருந்து கேட்பவரைக் காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

நுண்ணுயிர்க்கொல்லி (ஆன்டிபயாடிக்) மருந்துகள் விஷயத்தில் நாம் இன்னும் பின்தங்கியே இருக்கிறோம் என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறேன். இவற்றைத் தேவையின்றியும் அளவு தவறியும் உட்கொள்வதால் பெருகும், மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாத் தொற்றுகளால் 2019-இல் மட்டும் உலகெங்கும் நேரடியாக 12.7 லட்சம் பேர் உயிரிழந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. பழைய அட்டையைக் காட்டி "இதிலேயே நாலு கொடுங்கள்" என்று கேட்பவரிடம், சீட்டு இல்லாமல் தர முடியாது என்று ஒரு கடை மட்டும் சொன்னால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். எல்லாக் கடைகளும் சொன்னால்தான் அது பலிக்கும். சங்கமாக நாம் கூடியிருப்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. இதை உறுப்பினர் அனைவருக்கும் பொதுவான விதியாக்கும் தீர்மானம் இன்று முன்மொழியப்படுகிறது.

வரும் ஆண்டில் இன்ஹேலர் பயன்படுத்தும் முறையைக் கற்பிக்கும் பயிற்சி தொடங்கும். வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் அடுத்துச் சமர்ப்பிப்பார். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்