லைட் எரிந்ததும் அழிக்காதே, மக்களே

மக்களே,

காரின் கோளாறைப் போனில் படிக்க உதவும் ஓபிடி அடாப்டர் கைக்கு வந்துவிட்டது, இனி என்ன செய்ய என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன்.

நம் நாட்டில் 2013 ஏப்ரலில் இருந்துதான் கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயம். உன்னுடையது 2017 வண்டி, தாராளமாக வேலை செய்யும். தம்பியின் ஸ்கூட்டரில் இதைச் சொருகப் பார்க்காதே. பிஎஸ்-6 புகை விதிப்படி வந்த இருசக்கர வண்டிகளில் பெரும்பாலும் சின்ன 6 பின் சாக்கெட்தான் இருக்கும்; அதற்குத் தனி கேபிள் வேண்டும்.

காரில் ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே டார்ச் அடித்துப் பார். 16 பின் உள்ள சாக்கெட், மேல் பக்கம் அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும். 16-ஆவது பின்னில் பேட்டரி கரண்ட் எப்போதும் வரும், 4-உம் 5-உம் எர்த். சொருகியும் அடாப்டரில் லைட் வரவில்லை என்றால் அடாப்டரைக் குறை சொல்லுமுன் ஃபியூஸைப் பார். பல வண்டிகளில் போன் சார்ஜர் சாக்கெட்டுக்கும் இதற்கும் ஒரே ஃபியூஸ். குளச்சல் வீட்டில் கடல் காற்றில் நின்ற வண்டி அது; பின்களில் பச்சை படிந்திருந்தால் கான்டாக்ட் க்ளீனர் அடித்துக் காயவிடு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதே.

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, அதன் பிறகு போனை இணை. ஆண்ட்ராய்டு என்றால் முதலில் போனின் புளூடூத் செட்டிங்கில் போய் அடாப்டரை ஜோடி சேர் (பேர் பண்ணு), பின் நம்பர் 1234 அல்லது 0000. அதன்பிறகு போனில் போட்ட ஓபிடி செயலிக்குள்ளும் போய் அதே அடாப்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் 'கனெக்ட் ஆகவில்லை' என்பார்கள். ஐபோனில் பழைய வகை புளூடூத் அடாப்டர் கண்ணிலேயே படாது. புளூடூத் எல்இ அல்லது வைஃபை வகைதான் வேண்டும். எல்இ வகையைப் போன் செட்டிங்கில் பேர் பண்ணாமல் நேரே செயலிக்குள் இருந்து இணைக்க வேண்டும். வைஃபை வகைக்குச் செயலியில் பெரும்பாலும் 192.168.0.10, போர்ட் 35000 என்று கொடுக்க வேண்டும். அந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், அதனால் அந்த நேரம் டேட்டாவை அணைத்துவை.

அடாப்டர் பெட்டியில் உள்ளே இருக்கும் சிப்பின் பெயராக ஈஎல்எம் 327, பதிப்பு 1.5 என்று போட்டிருந்தால் அது நகல்தான். அசல் சிப்பைச் செய்த கனடா கம்பெனி 1.5 என்று ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. அந்தக் கம்பெனியும் 2022-இல் மூடியாயிற்று. நகல் என்பதால் தூக்கி எறிய வேண்டாம், கோடு (வண்டி பதிந்துவைக்கும் கோளாறு எண்) படிக்க அது போதும். ஆனால் ஈசியூவில் (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரில்) எதையாவது மாற்றி எழுதுகிற வேலைக்கு அதைத் தொடாதே. பாதியில் இணைப்பு அறுந்தால் செலவு பெரிது.

இப்போது செக் என்ஜின் லைட். அது சும்மா எரிகிறதா, மின்னுகிறதா என்று முதலில் பார். மின்னினால் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) கடுமையாக இருக்கிறது, எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சூடாக்குகிறது என்று அர்த்தம். ஆரல்வாய்மொழி தாண்டி வீடு பக்கம்தானே என்று ஓட்டாதே, ஓரங்கட்டி அணைத்துவிடு. சும்மா எரிந்தால், வண்டி ஓட்டமும் சூடும் சரியாக இருந்தால், மெதுவாக வந்து சேரலாம்.

கோடு என்பது வண்டி சொல்லும் புகார். எந்தப் பொருளை வாங்க வேண்டும் என்று அது சொல்லாது. பி 0171 வந்தால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று மட்டும்தான் பொருள். அதைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறவர்கள் உண்டு. அந்த சென்சார் உள்ளதைச் சொன்னதற்கே அதற்குத் தண்டனை! லைவ் டேட்டாவில் லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் பார், ஈசியூ நாள்பட பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கும் அளவு அது. வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு அது 5 சதவீதம் கூடவோ குறையவோ இருந்தால் சாதாரணம். பிளஸ் 10-க்கு மேல் போனால் ஏதோ இருக்கிறது. அப்போது ஐடிலில் (ஆக்சிலேட்டர் தொடாமல்) ஒரு தடவை, 2500 ஆர்பிஎம்மில் பிடித்து ஒரு தடவை என்று ஷார்ட் டெர்மையும் (அந்த நொடிக் கணக்கையும்) சேர்த்துக் குறித்துக்கொள். ஐடிலில் அதிகமாக இருந்து ஆக்சிலேட்டர் கொடுத்ததும் இறங்கினால், எங்கோ வேக்குவம் ஹோஸ் (என்ஜின் காற்றை உறிஞ்சும் பக்கத்துக் குழாய்) வெடித்துக் காற்று இழுக்கிறது. ஐடிலில் சரியாக இருந்து ஆர்பிஎம் ஏற ஏறக் கூடினால், பெட்ரோல் பம்ப், ஃபில்டர் அல்லது காற்றை அளக்கும் மாஃப் சென்சார் பக்கம் தேட வேண்டும். இந்த ஒரு பரிசோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, அநாவசியமாக ஒரு சென்சார் விலை மிச்சம்.

பி 0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். என்ஜினை அணைத்து, சூடு ஆறவிட்டு, முதல் சிலிண்டரின் காயிலையும் (ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்ட் தருவது) இரண்டாவதையும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார். கோடு பி 0302 ஆக மாறினால் காயில்தான் கள்ளன். 0301 ஆகவே நின்றால் ஸ்பார்க் பிளக், அதன் பிறகு இன்ஜெக்டர், கடைசியில் கம்ப்ரஷன். மழைக்காலத்தில் ரப்பர் தோட்டத்து வீடுகளில் நிற்கும் வண்டிகளுக்கு இன்னொன்று: சம்பந்தமில்லாத மூன்று நான்கு சென்சார் கோடுகள் ஒன்றாக வந்தால், ஒன்றையும் வாங்காமல் பானெட்டைத் திறந்து எலி ஒயரைக் கடித்திருக்கிறதா பார்.

பேட்டரி அளவும் செயலியில் தெரியும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.4-க்கு மேல், ஓடும்போது பெரும்பாலும் 13.5 முதல் 14.5 வோல்ட். நகல் அடாப்டர் கொஞ்சம் முன்பின் காட்டும், சந்தேகம் வந்தால் மல்டிமீட்டர் வைத்துப் பார். கூலன்ட் சூடு 85 முதல் 100 டிகிரி வரை இருக்கலாம். தக்கலை, மார்த்தாண்டம் நெரிசலில் அது 110 தாண்டினால் ஏசியை அணைத்து ஓரங்கட்டு. ஃபேன் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதே.

ஏர்பேக், ஏபிஎஸ் லைட்டுக்குப் பொதுவான செயலிகள் பெரும்பாலும் பதில் சொல்லாது. அதற்கு ஒர்க்‌ஷாப் ஸ்கேனர்தான்.

வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடு. சாவியை எடுத்தாலும் அது கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். நீ இரண்டு வாரம் வண்டி எடுக்காமல் விட்டால் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். அந்த வைஃபைக்குப் பெரும்பாலும் பாஸ்வேர்டும் கிடையாது, பக்கத்தில் நிற்கிறவன்கூட உள்ளே வரலாம்.

'கிளியர்' பட்டனைக் கடைசியில் எழுதுகிறேன், ஏனென்றால் கை முதலில் அங்கேதான் போகும். அதை அழுத்தினால் கோடு மட்டும் போகாது. ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். கோளாறு வந்த நொடியில் வேகம், ஆர்பிஎம், என்ஜின் சூடு எவ்வளவு என்று வண்டி குறித்துவைத்த பக்கம் அது. ரெடினஸ் மானிட்டர்களும் (வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் பட்டியல்) 'முடியவில்லை' என்று திரும்பிவிடும், மறுபடி நிறைய நாள் ஓட்டினால்தான் நிறையும். உன் சிநேகிதி பழைய கார் பார்க்கப் போகிறாள் என்றாயே, அங்கே இது உதவும்: கோடு ஒன்றும் இல்லை, ஆனால் மானிட்டர் பலதும் முடியாமல் நிற்கிறது என்றால், காட்டுவதற்கு முன் யாரோ அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். விற்கிறவரிடம் கேட்கச் சொல்.

ஆகவே லைட் எரிந்தால் கோடு, பென்டிங் கோடு (இன்னும் உறுதியாகாதது), ஃப்ரீஸ் ஃப்ரேம் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் போடு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன், பிறகு அழித்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா